பந்தியும் பார்சலும்

ஜன. 9, வெள்ளி

பனி. எதிரே இருக்கும் வேப்பமரம்கூடத் தெரியவில்லை. இன்று செய்தவை: குளியல், தலை வாரியது, மாத்திரை. பல் தேய்த்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த மாதத்தில் இதெல்லாம் சாதனைதான். காஞ்சிபுரத்து மனநல டாக்டர் கேட்டால் பெருமையாகச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். படுத்திருந்தபோது விழாக் குழு ஏகாம்பரம் போன். பெருநகர் ரோட்டில் ஒரு ஊர், பேர் எழுத மனசில்லை. வருடா வருடம் காணும் பொங்கலுக்கு அங்கே பட்டிமன்றம் பேசுகிறேன். இந்த முறை தலைப்பு: நியாயம் ஊருக்கு ஊர் மாறுமா, உலகத்துக்கே ஒன்றா? எனக்கு 'மாறும்' அணி.

"ரேவதி டீச்சரும் இல்ல, நீங்களும் வரலன்னா அப்பறம் இன்னா கீது டீச்சர்?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.

ஜன. 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம். "மாத்திர துன்னுக்கினே இருந்தா ஆச்சா? முட்டி போட்டு ஜெபம் பண்ணா எல்லாம் செரியாப் பூடும்." மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

ரேவதி (இனி ரே., கை வலிக்கிறது) எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பிறந்தது ஏகாம்பரம் ஊர், நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண்; குடியிருந்தது எங்கள் ஊரில். மேடையில் எப்போதும் எனக்கு எதிரணி. கிழித்துத் தொங்க விடுவாள். பேச்சு முடிந்ததும் பேச்சாளர்களுக்கு ஏகாம்பரம் வீட்டில் பந்தி. நான் காலனிக்காரி, எனக்கு வாசலில் பார்சல். "பஸ் பூடும் டீச்சர், எடுத்துக்கினு போய் வூட்ல நிதானமா சாப்டுங்க." இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவ்வளவு மரியாதை.

முதல் வருடமே ரே.வுக்குப் புரிந்துவிட்டது. போட்ட இலையை விட்டு எழுந்து வந்து, "எனக்கும் கட்டிக் குடுங்க" என்றாள். அன்றிலிருந்து வருடா வருடம் இரண்டு பார்சல். ஆட்டுகிற பஸ்ஸில் மடியில் வைத்துப் பிரிப்போம். சாம்பார் அவள் புடவையில்தான் கொட்டும், திட்டு எனக்கு விழும். சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அந்த பஸ் வேண்டும் எனக்கு. அவள் வேண்டும்.

அவள் புருஷனுக்கு நாக்பூரில் வேலை. நீண்ட லீவு போட்டுவிட்டுப் போய்விட்டாள். இன்றும் கூப்பிட்டாள். திரையில் அவள் பேர் வருவதையும் அணைவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நல்லா இல்லடி' என்று சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது.

ஜன. 13, செவ்வாய்

பேச்சுக்குக் குறிப்பு எடுத்தேன். பிணத்தை எரிக்கிற ஊர், புதைக்கிற ஊர். இரண்டும் தப்பில்லை. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு மாட்டுக்கறி, இன்னொரு தெருவில் அதுவே பாவம். யார் தீர்ப்பு சொல்வது?

உண்மையிலேயே இந்த அணி எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் சாப்பாட்டையும் எங்கள் மேளத்தையும் கேவலம் என்று சொன்னவர்கள் எல்லாரும் உலகத்துக்கு ஒரே நியாயம் என்றுதான் பேசினார்கள். அந்த நியாயம் அவர்கள் வீட்டு நியாயம்.

ரே. குரல் மண்டைக்குள்: "அப்போ ஒன் பார்சலும் ஊர் வழக்கந்தான். செரிதான, எஸ்தர்?"

செரியில்லை. நாக்பூரிலிருந்தே மடக்குகிறாள். பேனாவை வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன், இந்த வருடம் பார்சல் வாங்கப் போவதில்லை, பந்தியில் உட்காரப் போகிறேன் என்று. "நமக்கு இன்னாத்துக்குடி அந்த எல? சோறு எங்க துன்னாலும் சோறுதான். இருக்கிற பேஜாரு பத்தாதா ஒனக்கு?" பயந்துவிட்டாள். எனக்கும்தான் பயம்.

ஜன. 15, வியாழன்

பொங்கல். எழவில்லை. மாத்திரை மட்டும். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் சத்தம். ரே. போன். எடுக்கவில்லை. கரும்பு அப்படியே கிடக்கிறது.

மத்தியானம் அழுதேன். கொஞ்ச நாளாக அழுகையே வரவில்லை, அதனால் ஒரு மாதிரி நிம்மதி.

ஜன. 17, சனி

போனேன். நீலப் புடவை. அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நல்ல வெயில். பந்தலில் கூட்டம். மாத்திரையால் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. எரிப்பது, புதைப்பது எல்லாம் சொன்னேன். கைதட்டல். அப்புறம் எழுதி வைக்காதது வந்தது: "ஊருக்கு ஊர் நியாயம் மாறட்டும். ஆனா ஊருன்னா யாரு? நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். வழக்கத்தை முடிவு பண்ணும்போது எங்க தெருவுல யாரையும் கேக்கலையே!"

என் அணித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நடுவர் எதிரணிக்கே தீர்ப்பு கொடுத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பேன்.

ஏகாம்பரம் வாசலில் மஞ்சள் பையோடு நின்றார். "பஸ் பூடும் டீச்சர்..."

"அடுத்த பஸ்ல போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். சோறு போடுகிறவர் வாளியோடு நின்று ஏகாம்பரத்தைப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் தண்ணீர் குடித்தார், குடித்துக்கொண்டே இருந்தார்.

"போடுய்யா, இன்னா பாத்துக்கினு கீற" என்றார் ஏகாம்பரம். குரலில் பழைய மரியாதை இல்லை. பரவாயில்லை.

சாப்பிட்டேன். ஜெயித்த மாதிரியே இல்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது?

பஸ்ஸில் ஜன்னலோரம். நானே ரே.வைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எஸ்தர்? உயிரோடதான் கீறியா?"

"நல்லா இல்லடி. ஆனா இன்னைக்கு அவங்க வூட்ல எலயில ஒக்காந்து சாப்ட்டேன்."

"அடிப்பாவி" என்றாள். "நான் இல்லாதப்பவா போய் ஒக்காருவ?"

சிரித்தோம். இறங்கும்வரை போனை வைக்கவில்லை.