நத்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். இங்கே நாங்கள் நலம். உன் அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. டாக்டரிடம் போகச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

இந்த வருடம் எனக்கு மூன்றாம் வகுப்பு, முப்பத்திரண்டு வால்கள். போன வாரம் 'உயிருள்ளவை' பாடம். புத்தகத்தை மூடிவிட்டு, வெளியே போய் ஆளுக்கொரு பொருள் பொறுக்கி வரச் சொன்னேன். கூழாங்கல், இறகு, எறும்பு, சட்டைப் பொத்தான் என்று மேசை நிறைந்துவிட்டது. கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன்: உயிருள்ளவை, உயிரற்றவை, உயிர் இருந்தவை. ஒருத்தி நத்தை ஒன்றைக் கொண்டுவந்தாள். மழையைப் பார்த்து மாதக்கணக்காகிறதே, ஓட்டின் வாயில் காய்ந்த தோல் மூடிக் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, உன் அக்காவுக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

அந்த வாயாடி விடவில்லை. "செத்துப்போச்சுன்னு எப்படி டீச்சர் சொல்றீங்க? நீங்க தொட்டுக்கூடப் பாக்கலையே" என்றாள். சோதிக்காமல் எதையும் எழுதாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னதே நான்தான். சமாளிப்பதற்காக, சரி, நீயே பார் என்றேன். ஈர இலையில் வைத்து, தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தெளித்தாள். மணி அடித்தும் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. கடைசியில் அந்தத் தோல் பிரிந்து, கொம்புகள் மெதுவாக வெளியே வந்தன. வகுப்பே கத்தித் தீர்த்தது. எழுதியதை என் கையாலேயே அழித்தேன். நத்தையை அன்று மாலையே தோட்டத்தில் விட்டுவிட்டோம்.

அப்பா போனபோது நீ வரவில்லை என்று, சொந்தக்காரர்கள் முன்னால் "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று சொன்னேன். அது உன் காதுக்கு வந்ததும் தெரியும். உனக்கு லீவு கொடுத்தார்களா, அங்கே தனியாக எப்படி அழுது தீர்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது. கோபம் எப்போதோ ஆறிவிட்டது. வறட்டுக் கௌரவம்தான் விடவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நேற்று புதிதாக வந்த டீச்சர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு தங்கை இருக்கிறாள் என்றேன். எப்படி இருக்கிறாள் என்றார். அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. அதை நீதான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா