ஏரி மேலே லாரி ஓடற ஊருக்கு

சேசுவே துணை

திண்டிவனம்
18-11-1986

அன்பு மகன் ராஜாமணிக்கு அம்மா செண்பகம் எழுதறது. மாதா புண்ணியத்திலே நீ கனடாவிலே கை கால் சுகமா இருக்கணும். இங்க நான் உசுரோட இருக்கேன், உங்கப்பாவும் உசுரோட இருக்காரு, அதுக்கு மேலே சுகம்னு எழுத எனக்குக் கை வரலை. நின்னுக்கினு படிக்காதே, உக்காந்து படி. உங்க பெரியப்பா அந்தோணிசாமி போய்ட்டாரு. காய்ச்சல்லே படுத்தவரு தூக்கத்திலேயே போய்ட்டாரு, அது நல்ல சாவுதான். அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை.

போன தை மாசம் உங்க ஊரு குளிரைப் பத்தி எழுதினியே, அந்த லெட்டரைப் பெரியப்பா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கினே இருப்பாரு. கொதிக்கற தண்ணியை மேலே வீசினா கீழே விழாம புகையாப் போயிடுது, கண்ணு மயிரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, ராத்திரியிலே மாட்டைக் கட்டற மாதிரி காரை கரெண்டுலே கட்டி வைக்கலேன்னா காலையிலே எஞ்சின் எழுந்திருக்காது, இதுக்கெல்லாம் தொடையைத் தட்டிச் சிரிப்பாரு, உன் புள்ளை நல்லா கதை வுடறாம்மான்னு. ஏரித் தண்ணி கல்லாட்டம் உறைஞ்சி, அது மேலேயே ரோடு போட்டு லாரி ஓட்டறாங்கன்னு படிச்சேன் பாரு, அப்ப மட்டும் சிரிக்கலை. அங்க தண்ணி மேலேயே ரோடு குடுக்கறான், இங்க ரோடு இருக்கறப்பவே நம்மளைத் தண்ணியிலே எறக்கறானுங்க, நான் செத்தா என்னை ஓடையிலே தூக்கினு போவாதீங்கன்னாரு. உனக்குத் தெரியாததா, ஊர்த் தெரு வழியா நம்ம பொணம் போவக்கூடாதுன்னு அவனுங்க கட்டுப்பாடு. மழைக்காலத்திலே மாரளவு ஓடையிலே எறங்கித்தான் கல்லறைக்குப் போவணும். உங்க தாத்தாவைத் தூக்கினு போனப்ப பாடை சாய்ஞ்சி, அவரு உடம்பை உங்கப்பா முழுகித் தேடி எடுத்தாரே, அந்த ஓடைதான்.

இப்பவும் ஐப்பசி மழையிலே ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. எங்கண்ணனைத் தெரு வழியாத்தான் கொண்டு போவேன்னு உங்கப்பா சொல்லிட்டாரு. தெரு முனையிலே தாண்டவராயன் ஆளுங்க கடப்பாரையும் கழியுமா நிக்கறானுங்க. அந்தாளு நிலத்திலே ஏரு ஓட்டித்தான் பெரியப்பாவுக்கு முதுகு வளைஞ்சது. அப்பா பாடையைத் தோள்லே வெச்சிக்கினே கெஞ்சிக் கேட்டாரு, ஐயா இந்த ஒரு தடவை வுடுங்கன்னு. பதிலுக்குக் கல்லுதான் வந்துச்சு. மொதக் கல்லு பெரியப்பா மூஞ்சியிலே விழுந்துச்சுடா. செத்தவருக்கு வலிக்காதுன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வெறி புடிச்சிப் போச்சு. வேலிக் கழியைப் புடுங்கி எதிர்லே வந்தவன் வாயிலே அடிச்சேன், பல்லு தெறிச்சி என் புடவையிலே விழுந்துச்சு. இதைப் பாவசங்கீர்த்தனத்திலே சொல்லப் போறதில்லை, சாமியார் கோவிச்சிக்கினா கோவிச்சிக்கட்டும். உங்கப்பா மண்டையிலே கடப்பாரை இறங்கி ரத்தம் கண்ணை மறைக்குது, தோள்மேலே இருந்த பாடையை மட்டும் அந்த மனுசன் கீழே வெக்கலை. தெரு வழியாவே போனோம், தெரு வழியாவே கொண்டு போய் அடக்கம் பண்ணினோம். மண்ணைத் தள்ளிட்டுத் திரும்பிப் பாத்தா நம்ம தெரு எரியுது. கட்டியிருந்த ஆட்டை அவுத்து வுட ஆளில்லாம அது கத்திக் கத்தியே வெந்துச்சு. அந்தக் கத்தல் இன்னும் என் காதை வுட்டுப் போவலை.

அப்பா விழுப்புரம் ஆசுபத்திரியிலே இருக்காரு, வலது காது கேக்கலை, கட்டிலு பக்கத்திலே போலீசு. நான் குப்பம்மா சித்தி வீட்டிலே இருக்கேன். வூட்டைக் கொளுத்தினவனுங்க டீக்கடையிலே உக்காந்திருக்கானுங்க, கேசு நம்ம மேலே. அதிலே உம் பேரும் இருக்குடா ராஜாமணி. நீயும் கல்லெறிஞ்சியாம். அவனுங்க நம்ம வூட்டு ஆம்பளைங்க பேரையெல்லாம் எழுதிக் குடுத்திருக்கானுங்க, ஏட்டு அப்படியே எழுதிக்கினான். உம் புள்ளை எங்கேன்னு ஸ்டேஷன்லே கேட்டானுங்க. வெளிநாட்டிலே இருக்கான்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கணும், எனக்குத்தான் வாய் நிக்காதே, இங்க இருந்திருந்தா கட்டாயம் எறிஞ்சிருப்பான்னு சொல்லிப்புட்டேன். ஒரு அறை வுட்டான், கம்மல் தெறிச்சிப் போச்சு. வக்கீலும் என்னைத்தான் திட்டறாரு, பேஜாரு பண்ணிட்டியேம்மான்னு.

அவரு சொல்றாரு, நீ மீனம்பாக்கத்திலே எறங்கினா புடிச்சிக்குவானுங்களாம், அப்புறம் உன் பாஸ்போர்ட்டு, வேலை எல்லாம் போயிடுமாம். சம்பவம் நடந்த நவம்பர் பத்தாந் தேதி அன்னிக்கு நீ அங்க வேலையிலே இருந்தேன்னு உங்க ஆபீசுலே எழுதி வாங்கி ஜல்தி அனுப்பு. கிறிஸ்மசுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்னு எழுதியிருந்தே. வராதே ராசா. நீ போனதிலேர்ந்து வா வான்னு எழுதின கையாலேயே இதை எழுதறேன், வராதே. கோவத்திலே கெளம்பி வந்து நிக்காதே, உன்னை லாக்கப்பிலே பாக்கற தெம்பு எனக்கு இல்லே.

காதை மூடிக்கினு வெளியே போ. வயித்தைக் காயப் போடாதே. மாதா உன் தலைமேலே கை வெச்சிக் காப்பாத்தட்டும், அம்மா அப்பா ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு. பதிலை சித்தி விலாசத்துக்குப் போடு, பழைய விலாசத்திலே இப்ப வீடு இல்லே.

உன் அம்மா
செ. செண்பகம்