கடைசிக் கட்டடத்துக்கு வரும் வெந்நீர்

ஜனவரி 8

மைனஸ் முப்பத்து நான்கு. கடையில் நிற்க இடமில்லை. எல்லாருக்கும் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் இரும்புத் துண்டுதான் வேண்டும். வீட்டில் ஏழு துண்டு இருந்தால் இன்னும் ஐந்தைத் திருகிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அனல் மின் நிலையத்திலிருந்து வரும் வெந்நீர் ஊருக்கெல்லாம் பொது; தன் சுவரில் இரும்பு கூடினால் தனக்குச் சூடு கூடும். எளிய கணக்கு. நான் விற்கிறேன், அவ்வளவுதான்.

என் சமையலறையில் பதின்மூன்று டிகிரி. கோட்டோடு சாப்பிட்டேன்.

ஜனவரி 11

நிலையத்தின் ஷிப்ட் பொறுப்பாளர் பூரெவ் கடைக்கு வந்தான். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினான், பிறகு கோட்டையும். என் கடைச் சுவரில் இருபத்திரண்டு துண்டு. நான் அரைக்கைச் சட்டையில் நின்றேன்.

"அக்கா, நீங்க விக்கிற ஒவ்வொண்ணாலயும் முன்னாடி வீட்டுக்காரன் சூட்டை உறிஞ்சிக்கிறான். கடைசி வீட்டுக்கு வெறும் தண்ணிதான் போகுது."

"உன் கிழட்டுக் கொதிகலனைப் போய்த் திட்டு. அது இழுத்துக்கிட்டுக் கிடக்குறதுக்கு நானா பொறுப்பு?"

"ஐம்பத்தோரு வருஷம் ஆச்சு நிலையத்துக்கு. ஆனா அது நின்னா சுரங்கத்துக்குக் கரண்ட் இல்ல. சுரங்கம் நின்னா அதுக்கு நிலக்கரி இல்ல. ரயில், ஆஸ்பத்திரி, பக்கத்து மூணு ஊரு, எல்லாம் அது கழுத்துலதான் தொங்குது. கடைசிக் கட்டடம் எதுன்னு தெரியுமா?"

தெரியும். பத்தொன்பதாம் எண். என் வீடு.

அடுத்த வாடிக்கையாளருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். 

ஜனவரி 14

மூன்று கொதிகலன்களில் ஒன்றில் குழாய் வெடித்துவிட்டது. எங்கள் கட்டடத்துக் கதவில் அறிவிப்பு: பத்தொன்பதாம் எண்ணுக்கு வெந்நீர் நிறுத்தப்பட்டுக் குழாய்கள் காலி செய்யப்படும், மக்கள் வசந்தம் வரை பள்ளி விளையாட்டுக் கூடத்தில் தங்கலாம்.

தங்கலாமாம்! எரீன் எல்லைச் சந்தைக்கும் ஊருக்கும் பதினெட்டு வருஷம் ரயிலில் சரக்கு மூட்டை சுமந்து வாங்கிய வீடு. வேறெதுவும் எனக்கென்று இல்லை. வெளியேறி ஒரு குளிர்காலம் பூட்டிக் கிடந்தால் அது வீடா? போக மாட்டேன். எவன் வந்தாலும் போக மாட்டேன்.

ஜனவரி 15

நகராட்சி அதிகாரி கன்ஸோரிக் வந்து மாடிப்படியில் எல்லாரையும் கூட்டினார்.

"நிலையம் பழசு. நான் என்ன பண்றது? புதுசு வருது."

"பத்து வருஷமா வருது," என்றார் பக்கத்து வீட்டு மிஷிக், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். "நடந்து வருதா?"

சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. நான் அவரை விட்டுவிட்டு, கூட வந்திருந்த பூரெவைப் பிடித்தேன். எவ்வளவு சூடு இருந்தால் எங்கள் இணைப்பை வெட்ட மாட்டாய்? உங்கள் கட்டடத்திலிருந்து திரும்பும் தண்ணீர் நாற்பத்தைந்து டிகிரி இருந்தால் போதும் என்றான். இன்று முப்பத்தெட்டு. பத்தொன்பதாம் தேதி மதியம் வரை தவணை.

ஜனவரி 16

காலையில் கடையின் ரேடியேட்டரைக் கழற்றினேன். எட்டு மட்டும் விட்டு வைத்தேன். பிறகு பூரெவின் குழாய்க்காரர்களோடும் மிஷிக்கோடும், நிலையத்தை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாக.

"வித்தவளே பிடுங்க வந்துட்டா பாரு!"

"ஆமாடி. நான் வித்தது, நானே கழட்டுறேன். மே மாசம் வேணும்னா வந்து வாங்கிக்கோ."

"என் வீட்டுக்குள்ள கால் வை, பாக்கலாம்."

பேசட்டும். அவர்கள் பேசுவதில் பொய் இல்லையே.

ஜனவரி 17

பதினோரு வீடு திறந்தது. நாற்பது வீடு சாத்தியது. திரும்பும் தண்ணீர் நாற்பது டிகிரி.

ஜனவரி 18

கெஞ்சி ஆகாது. உத்தரவாதச் சீட்டுகளின் அடிக்கட்டை என்னிடம் இருக்கிறது. யார், எத்தனை துண்டு, எல்லாம் அதில் உண்டு. ஒரு பெரிய தாளில் எழுதிச் சந்தை வாசலில் ஒட்டினேன். முதல் பெயர் என்னுடையது: இருபத்திரண்டு; பதினான்கைக் கழற்றியாயிற்று. இரண்டாவது கன்ஸோரிக்: பதினெட்டு, கழற்றவில்லை.

பத்து மணிக்குள் ஊரே தாளின் முன் நின்றது. பதினொன்றுக்கு அதிகாரி போன் செய்தார்.

"இது அவமானம். வாடிக்கையாளர் விவரத்தை இப்படித் தெருவுல ஒட்டலாமா?"

"ஒட்டக் கூடாதுதான். நான் கிழிச்சுப் போடட்டுமா, நீங்க கழட்டுறீங்களா?"

மதியம் அவர் வீட்டு முன் குழாய்க்காரர் வண்டி நின்றது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்களே ஆள் அனுப்பினார்கள். இனி அவர்களில் பாதிப்பேர் என் கடைப்படி ஏற மாட்டார்கள். ஏறாவிட்டால் போகட்டும்.

ஜனவரி 19

காலையில் நாற்பத்து மூன்று. பத்து மணிக்கு நாற்பத்து நான்கு. யாரும் மூட்டை கட்டவில்லை. மிஷிக் மட்டும் தன் குதிரைத்தலைப் பிடிலை உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். பதினொன்றேகாலுக்குப் பூரெவ் நிலவறையிலிருந்து மேலே வந்தான்.

"நாற்பத்தாறு. வாங்க, நீங்களே பாருங்க அக்கா."

பார்த்தேன். இரண்டு முறை.

பிப்ரவரி 20

மைனஸ் முப்பத்தொன்று. வெடித்த குழாயைப் பற்றவைத்துவிட்டார்கள். மூன்று புகைபோக்கியிலும் புகை. வெள்ளை மாதப் புத்தாண்டு விருந்தாளிகள் இன்னும் வந்தபடி இருக்கிறார்கள். நேற்று என் சமையலறையில் இறைச்சிக் கொழுக்கட்டை பூஸ் தின்றபடி பூரெவ் கோட்டைக் கழற்றினான்.

இன்று கடைக்கு வெளியூர்க்காரி ஒருத்தி வந்து துண்டு கேட்டாள். இல்லை என்றேன். வீடுகளிலிருந்து கழற்றி வந்தது முற்றத்துப் பனிக்கடியில் முந்நூறு கிடக்கிறது. அவள் என் கையுறையையும் தொப்பியையும் பார்த்தாள்.

"ரேடியேட்டர் கடை வச்சுக்கிட்டு இப்படி விறைக்குறீங்களே, அக்கா?"

"கடைதானேம்மா, வீடில்லையே," என்றேன்.