நேரம் தப்பி ஊட்டியது

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம், உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போனில் நீ அழுதாய், நானும் சேர்ந்து அழுதேன், சொல்ல வேண்டியதை இருவரும் சொல்லவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள். மூளையில் யோசிக்கிற செல்களுக்குப் பக்கத்திலேயே அவற்றைத் தாங்குகிற செல்கள் இருக்கின்றன, சர்க்கரையைச் சேர்த்து வைத்து வேண்டும்போது மற்றவற்றுக்கு எடுத்துக் கொடுக்கின்றன, எப்போது சேர்ப்பது எப்போது கொடுப்பது என்று அவற்றுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அந்தச் செல்களைத்தான் நீ அந்தத் தூர தேசத்து ஆய்வகத்தில் தட்டுகளில் வளர்த்து, அந்தக் கடிகாரத்தை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாய். லீவு நாளில் பட்டினி கிடக்குமே என்று மனசு கேட்காமல், கிளம்பும்முன் எல்லாத் தட்டிலும் புது ஊட்டநீரை மாற்றிவிட்டாய். சாப்பாடு வந்ததும் அத்தனையும் அதையே விடியல் என்று எடுத்துக்கொண்டு கடிகாரத்தை முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டன. எல்லாம் போச்சும்மா, நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல, மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடுறேன்னு சொன்னாய்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லையடி. ரத்தம் எங்கே போகும், நீ உன் அத்தையின் மருமகள்தானே. அப்பா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் ஆபீசுக்கு நேரமாச்சு, சட்டைய எடுன்னு நிற்பார். தம்பி பசிக்குதுன்னு வாய்விட்டுக் கேட்கிறானே என்று அத்தை கேட்ட நேரமெல்லாம் பாலும் பிஸ்கட்டும் ஊட்டினாள். நீதான் போனிலேயே சண்டை போட்டு, கட்டிலை ஜன்னலோரம் இழுக்க வைத்து, காலையில் வெளிச்சம், வேளைக்குச் சாப்பாடு, நடுவில் ஒன்றும் கூடாது என்று சட்டம் போட்டாய். அத்தை உன்னைக் கல்நெஞ்சக்காரி என்றாள். நான் பிஸ்கட் டப்பாவை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன், இன்னும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செல்களைத் திரும்ப வளர்க்கலாம் என்று உன் பேராசிரியரே சொல்லிவிட்டாரே, பிறகென்ன. எங்களைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா, தோற்றுப்போய் வருகிறேன் என்று மட்டும் வராதே. என் கவலையெல்லாம் வேறு, ஊரெல்லாம் தூங்கும்போது நீ விழித்திருக்கிறாய், சாப்பாட்டுக்கு நேரமே இல்லை என்று உன் அறைத்தோழி சொன்னாள். உன் மூளைக்குள் இருக்கிற அந்தச் செல்கள் என்ன பாவம் செய்தன?

நேற்றுக் காலை முகம் துடைத்துவிடும்போது அப்பா ஜன்னலைப் பார்த்து, விடிஞ்சிடுச்சு என்றார். படுத்த பிறகு அவர் நேரத்தைச் சரியாகச் சொன்னது இதுதான் முதல்முறை. அங்க சின்னக்குட்டிக்கு இப்ப என்ன நேரம்னு கேட்டார். ராத்திரிங்க, சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்னு சொன்னேன். அப்படின்னா சத்தம் போடாத, தூங்கட்டும்னு சொல்லிவிட்டு, அத்தை பாத்திரம் உருட்டியதற்கும் கையை ஆட்டி அடக்கினார்.

நீ நன்றாயிரு, எடுத்த காரியம் கைகூடட்டும். வேளைக்குச் சாப்பிட்டுப் படு, நான் அவரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா