ஊதாதம்மா

என்னவருக்கு,

இதைப் போனில் சொன்னால் உங்கள் மகள் காதில் விழும். அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நன்றாக இருக்கிறாள். போன குளிர்காலத்தில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்ததுபோல் இந்த முறை ஆகவில்லை. ஆக விடமாட்டேன். வெளியிலிருந்து யார் வந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவளைத் தொட முடியாது. "அண்ணி, இது வீடா, ஆப்பரேஷன் தியேட்டரா?" என்கிறாள் உங்கள் தங்கை. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்று எனக்குத்தான் கொஞ்சம் இருமல். பயப்படும்படி ஒன்றுமில்லை. முகமூடி போட்டுக்கொண்டுதான் அவளுக்கு சூப் கொடுத்தேன். ஆவி பறந்தது. பழக்கதோஷத்தில் முகமூடியை இறக்கிவிட்டு ஊதக் குனிந்தேன்.

"ஊதாதம்மா!" குறுக்கே கையை நீட்டிவிட்டாள். "இருமுறவங்க மத்தவங்க சாப்பாட்ட ஊதக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"பசிக்குதுன்னியேடி?"

"பசிக்கட்டும். அது தானா ஆறும்."

ஐந்து வயசு! ஆவி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உங்கள் தங்கைகூட எழுந்துபோய் இன்னொரு முறை கை கழுவிவிட்டு வந்தாள்.

பிறந்ததிலிருந்து இன்றுதான் என்னை விட்டுத் தூங்குகிறாள். "உனக்கு சரியானதும் வரேன்" என்று அவளே தலையணையைத் தூக்கிக்கொண்டு உங்கள் தங்கை அறைக்குப் போய்விட்டாள். நான் அழவில்லை. அந்த அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கிருந்தால் அவள் மூச்சு கேட்கிறது. சீராக இருக்கிறது.

லீவு கேட்டு அலைய வேண்டாம். தானாகக் கிடைத்தால் வாருங்கள்.

மகளிடம் பேச்சு வாங்கிய
உங்கள் மனைவி