காக்காவின் லொறிக்குப் புது ஸ்டார்ட்டர்

12 பெப்ரவரி, புதன்

என் மூத்த சகோதரர் காக்கா மௌத்தாகி அடக்கிய நாளிலிருந்து மதினி வீட்டு வளவிலேயே நின்ற லொறிக்கு இன்று ஸ்டார்ட்டர் மோட்டர் மாற்றினோம். அறுவடை தொடங்கிவிட்டது. நெல் ஏற்ற இனி நான்தான் ஓட்ட வேண்டும்.

கணவர் மௌத்தானதால் மதினி இத்தாக் காலத்தில் வீட்டோடு இருக்கிறார். ஆண்கள் வந்தால் அறைக்குள் போய்விடுவார். அதனால் பாண்டிருப்பிலிருந்து வந்த மெக்கானிக் யோகனோடு மெதுவாகத்தான் கதைத்தேன்.

பழைய மோட்டரைக் கழற்றுமுன், அடியில் படுத்திருந்த யோகன் ஸ்பானரால் அதில் தட்டிப் பார்த்தான். காக்காவும் தினமும் விடியற்காலையில் அப்படித் தட்டித்தான் லொறியை எடுப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் மதினி பிளாஸ்கில் தேத்தண்ணி நிரப்புவார்.

நான் சாவியைத் திருப்பவில்லை. அதற்குள் அறையிலிருந்து மதினியின் குரல் வந்தது.

“இஞ்சேருங்க, தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன். மறந்துட்டுப் போகாதீங்க.”



“ஆரிட்டச் சொல்றா?” என்று அடியிலிருந்து கேட்டான் யோகன்.

“காக்காட்ட” என்றேன். அவன் ஸ்பானரைச் சத்தம் வராமல் மணலில் வைத்தான்.

புது மோட்டர் முதல் திருப்பிலேயே பிடித்தது. “இனித் தட்டத் தேவையில்ல” என்றான். பழையதைக் கேட்டான், கொடுக்கவில்லை. அதன் ஒரு பக்கம் முழுக்கக் காக்கா தட்டிய நெளிவு. லொறியின் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

நாளை விடிய சுபஹு தொழுதுவிட்டு லொறியை எடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் போதும். தட்டும் சத்தம் வருமென்று மதினி விழித்துக் கிடப்பாரோ என்றுதான் யோசனையாக இருக்கிறது.