துரோகிக்கு எந்த ‘ர’?

ஆகஸ்ட் 30, 2025 – சனி

வேர்ஹவுஸில் ஓவர்டைம். பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்ற நான் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கத் தொடங்கிப் பதினெட்டு வருடம். புது மேலாளனுக்கு இருபத்தொன்பது வயது. சிறிதரன் என்ற பெயர் அவன் வாயில் ‘சிட்’ ஆகிவிட்டது. நான் திருத்துவதில்லை.

பின்னேரம் வரதண்ணை போன் எடுத்தார்.

“சிறி, வாற மாதம் இருபத்தோராம் திகதி வானொலிக்கு வாரும். ஊரில புதுச் சனாதிபதிக்கு ஒரு வருசம் முடியுது. நீரும் நானும் இருந்து நூற்றுக்கு எத்தினை எண்டு புள்ளி போடுவம்.”

“நான் நல்லாப் போடமாட்டன், வரதண்ணை.”

“அதுக்குத்தானே கூப்பிடுறன். எல்லாரும் கை தட்டினால் சனம் நித்திரை கொண்டிடும்.”

ஒன்பது வருடமாக வானொலியில் ஞாயிறு காலைத் தமிழ் மணித்தியாலத்தை நடத்துகிறார். ஓய்வுபெற்ற எஞ்சினியர் வரதராஜா என்றால் எங்கள் புறநகர் டூங்கபியில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி சிவாஜினிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது ஆறு வாரம் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடியவர். இல்லாவிட்டால் மாட்டேன் என்றிருப்பேன்.

ஆகஸ்ட் 31

குறிப்பு எழுத உட்கார்ந்தேன். காணி: கொஞ்சம் விட்டார்கள், மிச்சம் இன்னும் படையிடம். காணாமல் போனவர்கள்: பதில் இல்லை. மாகாண சபைத் தேர்தல்: பேச்சு மட்டும். முந்தியவர்களைவிட இவரிடம் சத்தம் குறைவு. அதைத்தான் வரதண்ணை மிதவாதம் என்கிறார். பல்லைக் காட்டாதவனுக்குப் பல் இல்லை என்று யார் சொன்னது?

மிதவாதம் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: அடிக்கிறவனிடம் கொஞ்சம் மெல்ல அடி என்று கேட்பது.

முப்பத்தைந்து புள்ளி. அதுவே கூடுதல்.

செப்டெம்பர் 7 – ஞாயிறு

இங்கே இன்று தந்தையர் தினம். மகன் மெல்பேர்னிலிருந்து ஒரு வரி அனுப்பினான், ஒரு படத்தோடு.

அப்பாவுக்கு நான் என்ன அனுப்ப? அவர் போய் முப்பத்தொன்பது வருடம். அவர் கிராமசபைக் கிளார்க். ஆயுதம் வேண்டாம், பேசித் தீர்ப்போம் என்ற கட்சியின் கிளைச் செயலாளர். வெள்ளைச் சட்டையும் குடையுமாக மனுக்களோடு அலைந்தவர். ஆமிக்காரன் அவரை நம்பவில்லை, இயக்கப் பொடியளும் நம்பவில்லை. எண்பத்தாறில் அந்தப் பொடியள் அவரைச் சந்தி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். கழுத்தில் பிஸ்கட் பெட்டி மட்டை. எனக்குப் பதினாறு வயது. ரியூசனுக்குப் போகும் வழி.

மட்டையில் எழுதியிருந்தது: ‘மிதவாதி. மக்கள் துறோகி.’

அந்த நேரத்திலும் நான் கண்டது அந்த ‘ற’வைத்தான். துரோகிக்கு இடையின ‘ர’ அல்லவா. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் எழுத்துப்பிழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சிவாஜினியிடம்கூட.

செப்டெம்பர் 12 – வெள்ளி

வரதண்ணைக்குத் தமிழ் தட்டச்சு வராது. நிகழ்ச்சிக் குறிப்பைக் கையால் எழுதி, படமெடுத்து அனுப்பியிருந்தார். “இணையத்திலயும் போடப்போறன். பிழை பாத்துத் தாரும், வாத்தியார்.” எழுத்துப்பிழை பார்ப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

மூன்றாம் பக்கம், ஏழாவது வரி: ‘ஒரு காலத்தில் மிதவாதி என்றாலே துறோகி என்று சொன்ன சமூகம் நாம்.’

துறோகி.

கையெழுத்தும் அதே சரிவா? முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஆனால் அந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் – மட்டையில் இருந்ததுபோலவே. எண்பத்தாறில் தான் இயக்கத்துக்கு நோட்டீஸ் எழுதியதாக அவரே பலமுறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்கும் அவருடைய ஊருக்கும் இடையில் நான்கு மைல்.

பத்து வருடம் அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

செப்டெம்பர் 13

வேலைக்குப் போகவில்லை.

செப்டெம்பர் 15 – திங்கள்

சிவாஜினியிடம் சொன்னேன். எல்லாவற்றையும். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

“இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்ல?” பிறகு, “அது சரியப்பா, ஒரு எழுத்தை வச்சு எப்பிடிச் சொல்லுறது? யாழ்ப்பாணத்தில பாதிச்சனம் அப்பிடித்தான் எழுதுறது. என்ர அம்மா ‘றோசாப்பூ’ எண்டுதான் எழுதுவா.”

“உம்மட அம்மா மட்டை எழுதேல்ல.”

“அவரிட்டயே நேர கேளுங்கோவன். தனிய.”

தனியக் கேட்டால் என்ன சொல்வார்? இல்லை என்பார். நான் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்பேன். அதுதானே மிதவாதம். அப்பா அப்படித்தான் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகத் தலையாட்டிக்கொண்டு திரிந்தார்.

எல்லோரும் கேட்கக் கேட்பேன்.

செப்டெம்பர் 21 – ஞாயிறு

ஒலிப்பதிவு அல்ல, நேரலை. சின்ன அறை, இரண்டு கதிரை. வரதண்ணை எனக்கென்று பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்திருந்தார், சீனி போடாமல். என் சலரோகம் அவருக்கு நினைவிருக்கிறது.

முதல் இருபது நிமிடம் ஒழுங்காகப் போனது. காணி, கைதிகள், தேர்தல். “கோபம் எங்களுக்கு என்ன வாங்கித் தந்தது, சிறி? இவர் முழுக்கச் செய்யேல்லத்தான். ஆனால் கதவைச் சாத்தேல்ல. சாத்தாத கதவுக்கு நான் ஐம்பத்தைஞ்சு போடுறன். நீர்?”

“புள்ளி போட முந்தி ஒரு கேள்வி, வரதண்ணை. துரோகி எண்ட சொல்லுக்கு நீங்கள் எந்த ‘ர’ போடுவியள்?”

சிரித்தார். “நேயர்களே, வாத்தியார் வந்திட்டார்! றேடியோவுக்கும் ற, றோட்டுக்கும் ற. எந்த ற போட்டால்தான் என்ன?”

அப்போது சொன்னேன். சந்தி, மின்கம்பம், மட்டை, அவருடைய மூன்றாம் பக்கம்.  

  அவர் ஒலிவாங்கியை மூடிவிட்டுப் பாட்டைப் போட்டார் – கோயில் திருவிழா விளம்பரத்துக்கு வைத்திருந்த நாதஸ்வரம். அது முழங்க முழங்க என்னைப் பார்த்துச் சொன்னார்: “கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதினனான், சிறி. ஹர்த்தாலுக்கு எழுதினனான். மட்டை எழுதேல்ல. என்ர பிள்ளையளாணை எழுதேல்ல.”

நான் எழுந்து வந்துவிட்டேன். கோப்பி அப்படியே இருந்தது.

செப்டெம்பர் 23

நூற்றுப் பதினாறு குறுஞ்செய்திகள். என்னுடைய துணிவைப் பாராட்டித்தான் கூடுதல். இத்தனை வருடத்தில் என் படிப்பை மதிக்காதவர்கள், தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எனக்கு மைக் தராதவர்கள், எல்லோரும் இப்போது ‘சிறி அண்ணை’ என்கிறார்கள். ஒலிபரப்பில் அந்தத் துண்டை வெட்டி லண்டன் வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வானொலிக் குழு வரதண்ணையை விலகச் சொல்லிவிட்டது.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன்.

செப்டெம்பர் 26

சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வரதண்ணையின் படம். கழுத்தில் மட்டை வரைந்திருக்கிறார்கள். பகிடியாம், சிரிக்கிறார்கள்.

செப்டெம்பர் 28 – ஞாயிறு

மெல்பேர்ன் பக்கம் வெரிபீயிலிருந்து அக்கா யோகராணி போன் எடுத்தா. அந்தத் துண்டு அவவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அழுதுகொண்டே கேட்டா, “தம்பி, அப்பா எழுதின மனு ஒண்டு என்னட்டக் கிடக்கு. அம்மா சாகேக்க தந்தவ. பாத்தனியோடா?”

நான் பார்த்ததில்லை என்றேன். படமெடுத்து அனுப்பினா.

அன்றைய சனாதிபதிக்கு அப்பா எழுதிய மனுவின் நகல். எண்பத்தைந்து, ஒக்ரோபர். கோடு போட்ட தாள், நீல மை. அவருடைய அவசரம் இல்லாத கையெழுத்து.

‘தங்கள் படையினர் எம்மைப் பயங்கரவாதி என்கிறார்கள். எமது இளைஞர்கள் எம்மைத் துறோகி என்கிறார்கள். இரு தரப்பும் ஏசுவதால் நாம் செய்வது பிழை என்று நான் எண்ணவில்லை. தங்களுடைய ஆட்சியைப் பற்றி எனது மதிப்பீடு யாதெனில் –’

அதற்குக் கீழே தாள் கிழிந்திருக்கிறது. மதிப்பீடு என்ன என்று இனித் தெரியப்போவதில்லை.

துறோகி. அப்பாவும்.

அதற்கு மேலே சிவப்பு மையில் சின்னதாக ஒரு ‘ர’. வாத்தியார் பேனை, வாத்தியார் திமிர். அந்தச் சிவப்பு என்னுடையது. பதினைந்து வயதில் அப்பாவின் கடிதமெல்லாம் என்னிடம்தான் வரும். “பாத்துத் தா தம்பி” என்று நீட்டுவார். நான் சலித்துக்கொண்டே திருத்துவேன்.

பார்த்ததில்லை என்று அக்காவிடம் சொன்னேனே. எப்படி மறந்தேன்? எதை நினைவில் வைத்துக்கொண்டு எதை மறந்தேன்?

ஒக்ரோபர் 2

வரதண்ணை வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கம்பிக் கதவைத் திறக்காமலே நின்று கதைத்தா.

“அவர் ஒருத்தரையும் பாக்கிறேல்ல, தம்பி. சாப்பாடும் சரியில்ல.” பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “நீங்கள் தனிய வந்து கேட்டிருக்கலாம். கதவு ஒருநாளும் பூட்டினதில்லையே.”

மனுவின் படத்தைக் காட்ட போனைக் கையில் வைத்திருந்தேன். காட்டவில்லை. கம்பிக் கதவுக்குள்ளால் என்னத்தைக் காட்டுவது?

அவர் எழுதவில்லை என்று எனக்கு இப்போதும் தெரியாது. எழுதினார் என்றும் தெரியாது. தெரியாமலே அவரையும் கம்பத்தில் கட்டிவிட்டேன்.

ஒக்ரோபர் 5 – ஞாயிறு

இன்று முதல் கோடைகால நேரம், மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. வானொலியைப் போட்டேன். தமிழ் நேரத்தில் பாட்டு மட்டும், பேச்சு இல்லை. அந்த இடத்துக்கு என்னை வரச் சொல்லிக் குழு கேட்டிருந்தது. மாட்டேன் என்று எழுதினேன்.

பிறகு சங்கக் குழுவில் இதைப் போட்டேன்: ‘செப்டெம்பர் 21 அன்று வானொலியில் நான் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஓர் எழுத்து மட்டும் இருந்தது. அதை என் அப்பாவும் அப்படித்தான் எழுதினார். திரு. வரதராஜாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’

சிவாஜினி தோளுக்கு மேலால் வாசித்தாள்.  தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அரை மணித்தியாலம் கழித்து ஒருவர் எழுதினார்: ‘சிறி அண்ணை மிதவாதியாயிட்டார்.’ கீழே ஆறு சிரிப்பு முகங்கள்.

வரதண்ணை பார்த்துவிட்டார் என்று நீலக்குறி காட்டியது.

கடைசியாக, பெயர் பதியாத ஓர் இலக்கத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு சொல் வந்தது, அப்பாவின் மட்டையில் இருந்த அதே சொல்.

‘ற’தான் போட்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை.